சாப்பாடுதான் இலவசமாச்சே, பிறகு எதற்கு அந்தப் படிவம்?

லண்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் இந்த வருடம்தான் ரிசெப்ஷன் (முதலாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு). பாடசாலையிலிருந்து படிவம் ஒன்று வந்திருக்கிறது. இலவச மதியச் சாப்பாட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே சாப்பாடு இலவசம்தானே? நிரப்பிக் கொடுத்தால் பியூபில் பிரீமியம் என்று காசு வரும் என்கிறார் தெரிந்த அக்கா ஒருவர். அந்தக் காசில் மகனைச் சனிக்கிழமை ரியூஷனுக்கு விடலாமா?"

படிவத்தைக் கட்டாயம் நிரப்பிக் கொடுங்கள். ரியூஷனுக்கு அந்தக் காசு கைக்கு வராது. அது வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக, அவர்கள் பேரில் அரசு பாடசாலைக்குக் கொடுக்கிற காசு.

குழப்பம் எங்கே என்று பார்ப்போம். இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் ரிசெப்ஷன், முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2014 முதல் மதியச் சாப்பாடு இலவசம். லண்டன் அரச ஆரம்பப் பாடசாலைகளில் மற்ற வகுப்புகளுக்கும் 2023 முதல் மேயர் நிதி கொடுக்கிறார். ஆக, யாருக்கும் படிவம் நிரப்ப வேண்டிய தேவை தெரிவதில்லை. ஆனால் 2011இல் தொடங்கிய பியூபில் பிரீமியம், வருமானத்தைப் பார்த்துத் தகுதி பெற்ற பிள்ளைகளைத்தான் எண்ணுகிறது. 2025-26இல் ஆரம்பப் பாடசாலைக்கு ஒரு பிள்ளைக்கு 1,515 பவுண்டு.

யாருக்குத் தகுதி? பெரும்பாலானவர்களைப் பொறுத்தவரை, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப் பணம் எடுக்கிற, வரி கழித்துக் கைக்கு வரும் சம்பளம் வருடத்துக்கு 7,400 பவுண்டைத் தாண்டாத குடும்பங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் வருகிற தொகையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்துப் பார்த்துவிட்டு "எங்களுக்குக் கிடைக்காது" என்று விட்டவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். அகதி விண்ணப்பம் போட்டு அரச உதவியில் இருப்பவர்களும் கேட்கலாம். விசாவில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை' (அரச உதவிப் பணம் எடுக்க முடியாது) என்று இருந்தாலும் கேட்கலாம்; அவர்களுக்கு வேறு வருமான வரம்பு. பாடசாலைச் சாப்பாடு அந்த பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் வராது, ஆகவே விசாவுக்குப் பாதிப்பில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2026 செப்டெம்பர் முதல் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் சாப்பாடு இலவசம் என்று அரசு அறிவித்திருக்கிறது. பியூபில் பிரீமியத்துக்கு மட்டும் பழைய 7,400 வரம்புதான் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே சாப்பாடு கிடைக்கிறது என்பதை வைத்து அந்தக் காசும் வருகிறது என்று நினைக்காதீர்கள்.

படிவத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஒக்டோபர் முதல் வியாழக்கிழமை பாடசாலைகளில் கணக்கெடுப்பு. அதற்கு முன் பெயர் பதிந்திருந்தால்தான் அடுத்த ஏப்ரல் முதல் காசு வரும். ஒருதடவை தகுதி பெற்றுவிட்டால், பிறகு வேலை கிடைத்து வருமானம் கூடினாலும் ஆறு வருடம் அந்தப் பிள்ளையைக் கணக்கில் வைத்திருப்பார்கள். உங்கள் மகளை ரிசெப்ஷனிலேயே பதிந்தால், இன்றைய தொகைப்படி பாடசாலைக்கு 9,000 பவுண்டுக்கு மேல். சில கவுன்சில்கள் தாங்களாகவே பெயர்களைச் சேர்க்கின்றன. உங்கள் கவுன்சில் அப்படியா என்று பாடசாலை ஒஃபிசில் கேட்டுவிடுங்கள்.

சரி, அந்தக் காசு எங்கே போகிறது? நான் ஓர் ஆரம்பப் பாடசாலையில் சில வருடம் கவர்னராக, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினராக, இருந்தபோது இந்தக் கணக்கைப் பார்ப்பதுதான் என் வேலை. பெரும் பங்கு ஆட்களின் சம்பளத்துக்கே போய்விடும். தகுதியிருந்தும் இருபது குடும்பங்கள் படிவம் கொடுக்காவிட்டால் பாடசாலைக்கு 30,300 பவுண்டு நட்டம்; ஆசிரியருக்கு உதவியாக இருக்கும் ஒரு டீச்சிங் அசிஸ்டன்டின் வருடச் சம்பளம் அதற்குள் அடங்கும்.

அப்படி ஒருவரின் வேலையை ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நூலக மூலையில் நான்கு பிள்ளைகள். அதில் ஒரு தமிழ்ப் பையன் ஒரு பக்கத்தைத் தடக்காமல் வாசித்தான். 'ஓச்சர்ட்' என்றால் என்ன என்று கேட்டார் அந்த அசிஸ்டன்ட் அம்மா. பேசாமல் இருந்தான். வாசிக்கத் தெரிகிறது, சொல் தெரியவில்லை. அவர் ஒரு பழத்தோட்டப் படத்தை எடுத்து வைத்தார். "அம்மம்மா வீட்டில் மாமரம் நிற்கும்" என்றான் உடனே. அடுத்த பத்து நிமிடம் மரத்தைப் பற்றியே ஆங்கிலத்தில் பேச வைத்தார். முப்பது பேர் வகுப்பில் அவன் நன்றாக வாசிக்கிற பிள்ளை என்றே போயிருப்பான்.

இந்த மாதிரிச் சிறு குழுப் பாடம் சராசரியாக நான்கு மாதக் கூடுதல் முன்னேற்றம் தருகிறது என்பது, ஆய்வுகளைத் தொகுக்கும் எஜுகேஷன் எண்டோவ்மென்ட் ஃபவுண்டேஷனின் கணிப்பு. ஆசிரியர்களுக்கான பயிற்சி, காலைச் சாப்பாட்டு கிளப், சுற்றுலாக் கட்டணத்தில் கழிவு, வரவு குறைந்த பிள்ளைகளின் வீட்டோடு பேச ஓர் ஆள் என்று மீதி போகும். படிவம் கொடுத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்றும் இல்லை. பின்தங்கும் எந்தப் பிள்ளைக்கும் செலவழிக்கலாம். இது அநியாயம் என்று சில பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வாசிப்புக் குழுவில் நான்காவது கதிரை சும்மா இருப்பதில் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே "என் மகனுடைய காசு எங்கே" என்று கேட்காதீர்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31க்குள் பாடசாலை தன் வெப்சைட்டில் இந்தக் காசுக்கான திட்ட அறிக்கையைப் போட வேண்டும். அதை வாசித்துவிட்டு ஆசிரியரிடம் போங்கள். மகன் எந்தக் குழுவில் இருக்கிறான், எத்தனை கிழமை நடக்கும், முன்னேறுகிறான் என்று எதை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். எந்தக் குழுவிலும் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பு சாட்ஸ் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, இப்போது கேட்டால் நேரம் போதும்.

இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுத மறக்காதீர்கள்.