கொலோனிலிருந்து சனி, ஞாயிறு மிலான்: விசா ஒட்டிய பாஸ்போர்ட் போதுமா?

தண்டையார்பேட்டைத் தம்பிக்கு: ரெசிடென்ஸ் கார்டு இன்னும் வரவில்லை, ஜெர்மனியில் நீண்ட நாள் தங்கக் கொடுத்த டி விசா மட்டும் இருக்கிறது, மிலானுக்கு மலிவு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

விசா தேதி முடியாதவரை கவலையில்லை. அதை வைத்தே மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொதுவாகத் தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள் வரை இருக்கலாம். விசா முடிந்து கார்டு வராத இடைவெளியில் எல்லை தாண்டாதீர்கள். திரும்பி வரும்போதுதான் சிக்கல். லண்டன், டப்ளின் இரண்டும் ஷெங்கன் இல்லை, தனி விசா வேண்டும். பஸ்ஸில் போனாலும் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். போனில் இருக்கும் போட்டோ செல்லாது.

இப்போது அந்த டிக்கெட். அதில் போட்டிருப்பது பெர்கமோ விமான நிலையம், மிலானிலிருந்து சுமார் 50 கி.மீ. சென்னை என்று சொல்லி செங்கல்பட்டில் இறக்கிவிடுகிற கதை. பஸ் கட்டணத்தையும், அதற்குப் போகவர இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரயன்ஏர் விமானத்தில் இலவசப் பை 40×30×20 செ.மீ.தான், மீறினால் கேட்டில் வாங்கும் அபராதம் டிக்கெட்டையே தாண்டிவிடும். ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தாலும், நம் பாஸ்போர்ட்டுக்கு அவர்கள் கவுன்டரில் விசா சரிபார்த்த பிறகுதான் செக்யூரிட்டிக்குப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் பாரிஸ். கொலோனிலிருந்து நேரடி ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் ஊர் நடுவிலேயே இறங்கலாம். 26 வயதுக்குள் இருந்து, ஐரோப்பாவில் வசிப்பதற்கான சான்றும் காட்டினால் லூவ்ர் அருங்காட்சியகம் இலவசம். ஆனால் செவ்வாய் விடுமுறை.