சப்போட்டாவுக்காகப் பாலையைத் தறிப்பதா?

கேள்வி: எங்கள் வளவு மூலையில் அப்பப்பா காலத்துப் பாலை மரம் ஒன்று நிற்கிறது. பழம் வாயில் ஒட்டுகிறது என்று பிள்ளைகள் தொடுவதில்லை, அதன் நிழலில் வேறு எதுவும் வளர்வதும் இல்லை. மர வியாபாரி ஒருவர் நல்ல விலை சொல்கிறார். தறித்துவிட்டு அந்த இடத்தில் சப்போட்டா வைக்க யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன? சங்க இலக்கியத்துப் பாலை இதுதானா?
– வாசகர், மல்லாவி

பதில்: தறிக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், வியாபாரியை முதலில் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் வைக்க நினைக்கும் சப்போட்டா மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். அதற்கு நம் பக்கத்து மண்ணில் கால் ஊன்றக் கொடுத்ததே பாலைதான். தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் சப்போட்டா ஒட்டுக் கன்று உருவாக்குபவர்கள் அடிக்கன்றாகப் பயன்படுத்துவது பெரும்பாலும் பாலையைத்தான், இரண்டும் ஒரே பேரினத்து மரங்கள் என்பதால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும், பாலையின் வேர் வறட்சியையும் தாங்கும். பாலை மெதுவாக வளர்வது. ஒட்டுப் போடும் பருமனுக்கு அந்தக் கன்று வரவே இரண்டு வருடம் எடுக்கும். அப்படியென்றால் உங்கள் அப்பப்பா காலத்து மரம் எத்தனை ஆனி ஆடி வெயிலைக் குடித்து அந்த உயரத்துக்கு வந்திருக்கும் என்று ஒருமுறை அதன் அடியில் நின்று நினைத்துப் பாருங்கள். அதைத் தறித்துவிட்டு அதே குழியில் சப்போட்டா வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இலக்கியக் கேள்விக்கு வருகிறேன். பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் வெட்பாலை என்பதுதான் பலருடைய கருத்து, ஏழிலைப்பாலை என்பவர்களும் உண்டு. வெட்பாலையின் காய் இரட்டையாக, நுனி ஒட்டிக்கொண்டு தொங்கும், அதை யாரும் பழமாகத் தின்பதில்லை. நம்முடையது வேறு. கீறினால் பால் வருவதால் எல்லாவற்றுக்கும் பாலை என்ற பெயர் விழுந்துவிட்டது. தமிழ்நாட்டில் இதை உலக்கைப்பாலை என்றும் சொல்வார்கள், அந்த மரத்தில் உலக்கை செய்தால் எப்படி இருக்கும் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1795 இல் ரொக்ஸ்பேர்க் என்ற தாவரவியலாளர் கோரமண்டல் கரைத் தாவரங்களைப் பற்றிய தன் நூலில் இதைப் பதிந்தபோது பூவின் 6 மகரந்தக் கேசரங்களை எண்ணி ‘ஹெக்ஸாண்ட்ரா’ என்று பெயர் வைத்தார். இன்றும் அதுதான் பெயர்.

ஆனால் பெயர் வைப்பதற்கு வெகு முன்பே மக்கள் இந்த மரத்தைக் கும்பிட்டிருக்கிறார்கள். பொன்னேரிப் பக்கம் திருப்பாலைவனம் சிவன் கோயிலின் தலமரம் பாலை. குஜராத்தில் பாலிதானா மலையில் சமணர்கள் முதல் தீர்த்தங்கரரை நினைத்து ஒரு பாலை மரத்தைத்தான் வணங்குகிறார்கள், அங்கே அதற்கு ராயண் என்று பெயர்.

சரி, வன்னிக்கு வருவோம். பாலை, வீரை, முதிரை இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் நம் காட்டில் என்ன மிஞ்சும்? மற்ற மரங்கள் வாடி நிற்கும் வைகாசி, ஆனி, ஆடியில்தான் இது பழுக்கிறது. கரடி மரத்தில் ஏறித் தின்னும், குரங்கு உதிர்க்கும், கீழே விழுந்ததை மான் பொறுக்கும். மனிதருக்கும் அப்படித்தான், வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிறகு பாலைப்பழம் என்று காத்திருந்தோம். மாங்குளம், முறிகண்டிப் பக்கம் வீதியோரத்தில் பேணியால் அளந்து விற்றார்கள், என் அம்மம்மா மிஞ்சின பழத்தைப் பிசைந்து காய்ச்சிப் பாணி எடுத்துப் போத்தலில் வைப்பார், மாரியில் அதைத் தொட்டுப் பிட்டுத் தின்போம். முல்லைத்தீவு மாவட்டத்தில் பாலைப்பாணி என்று ஒரு ஊரே இருக்கிறதே, உங்களுக்குத் தெரியாததா.

பழம் ஒட்டுகிறது என்கிறீர்கள். ஒட்டத்தான் செய்யும், அது பால். உதட்டில் துளி தேங்காயெண்ணெய் தடவிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள், பிசின் வழுகிவிடும். அல்லது பறித்ததை ஒரு பகல் வெயிலில் காயவிடுங்கள், தோல் சுருங்கி மஞ்சள் கொஞ்சம் கறுக்கும், பாலும் குறைந்திருக்கும், இனிப்பு கூடியிருக்கும். உள்ளே மினுங்கும் ஒரு பழுப்பு விதை. அந்த விதையிலிருந்து வட இந்தியாவில் எண்ணெய்கூட எடுக்கிறார்கள்.

வியாபாரி ஏன் அந்த விலை சொல்கிறார் என்பதும் தெரிந்துகொள்ளுங்கள். வைரம் பாய்ந்த பாலைக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் தாழும், அவ்வளவு பாரம். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே சிலிப்பர் கட்டையாகப் போட்ட மரங்களில் பாலையும் ஒன்று. யுத்தத்தில் வடக்குப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பரும் பதுங்குகுழிகளுக்குள் போனதைக் கண்டவர்கள் நாங்கள், அந்தக் கட்டைகள் எங்கள் தலைக்கு மேல் இருந்ததால் உயிரோடு இருப்பவர்களும் எங்களுக்குள் உண்டு. அதற்காக நிற்கிற மரத்தைக் கட்டையாக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கொடுமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது சிலர் பழத்துக்காகக் காட்டுக்குள் போய்க் கொப்பை வெட்டி விழுத்திப் பறிக்கிறார்கள். ஒரு பேணிப் பழத்துக்கு எங்கள் தலைமுறை பார்த்து வளர்ந்த கொப்பு. சாக்கை விரித்து உலுப்பினால் பழுத்தது தானாக விழும், காய் மரத்திலேயே நிற்கும், அடுத்த கிழமை திரும்பப் போகலாம். ஊர்ச் சனசமூக நிலையங்களில் பேச வேண்டிய விசயம் இது.

சப்போட்டாவும் வையுங்கள், நான் தடுக்கவில்லை. கிணற்றடிப் பக்கம், பாலையின் நிழல் விழாத இடத்தில், நன்றாக வெயில் படும்படி. கன்று வாங்கும்போது மேலே இருக்கும் இலையைப் பார்த்து ஏமாறாமல் ஒட்டுக்குக் கீழே கையை வைத்து, எதில் ஒட்டினது என்று கேளுங்கள். பாலையில் ஒட்டினது என்றால் வாங்குங்கள்.