ஃப்ரெண்ட்லில ஆடுன புதுப் பசங்களுக்கு எப்படி மார்க் போடுறது?

வாசகர், திருச்சி: சார், 2021 மார்ச்ல துபாய்ல நம்ம இந்தியா ஃபுட்பால் டீம் ரெண்டு ஃப்ரெண்ட்லி, அதான் கோப்பை எதுக்கும் இல்லாம சும்மா ஆடுற மேட்ச், ஆடுச்சே, ஞாபகம் இருக்கா? ஓமன் கூட 1-1, நாலு நாள் கழிச்சு யுஏஇ கிட்ட 6-0ன்னு தோல்வி. முதல் மேட்ச் முடிஞ்சதும் புதுப் பசங்க சூப்பர்னு சொன்னவங்களே ரெண்டாவது மேட்ச் முடிஞ்சதும் எவனும் லாயக்கில்லன்னு திட்டுனாங்க. பெஞ்ச்ல இருக்கற பசங்களுக்கு ஒரு மேட்ச் சான்ஸ் கிடைக்கும்போது அவங்கள எதை வெச்சு ஜட்ஜ் பண்றது?

பதில்: நல்லா ஞாபகம் இருக்கு. நான் அந்த ரெண்டு மேட்ச்சையும் முழுசா பாத்தேன், ஓமன் மேட்ச்ச அப்புறம் இன்னொரு தடவையும் பாத்தேன். மொதல்ல அன்னிக்கு நிலைமை என்னன்னு சொல்லிடறேன். 2019 நவம்பர்ல மஸ்கட்ல இதே ஓமன் கிட்ட தோத்ததுக்கு அப்புறம் கொரோனாவால 16 மாசம் நம்ம டீம் ஒரு மேட்ச் கூட ஆடல. கேப்டன் சேத்ரி கொரோனா வந்து வரல. கோச் ஸ்டிமாக் ஒரே மேட்ச்ல பத்து பேருக்கு இந்தியா ஜெர்சி மாட்டி விட்டாரு, ஆறு பேர் ஸ்டார்ட்டிங்ல, நாலு பேர் பெஞ்ச்ல இருந்து. எதிர்ல இருந்த ஓமன் ரேங்க்ல நம்மள விட ரொம்ப மேல இருக்கற டீம். இதெல்லாம் தெரியாம ஸ்கோர மட்டும் பாத்து மார்க் போட்டா அது தப்பாத்தான் போகும்.

நான் மொதல்ல பாக்கறது, அந்தப் பையன் பக்கத்துல யார் ஆடுனாங்கன்னு. ஆகாஷ் மிஸ்ரா அப்போ 19 வயசு, லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபென்டர், அன்னிக்கு பயப்படாம ஆடுனான்னு எல்லாரும் பாராட்டுனாங்க, பாராட்ட வேண்டியதுதான், ஆனா சென்டர்ல நின்ன சிங்லென்சனா சீசன் முழுக்க ஹைதராபாத் எஃப்சில அவன் கூடவே டிஃபென்ஸ்ல ஆடுனவர், அவர் எப்போ முன்னாடி போவாரு எப்போ நிப்பாருன்னு ஆகாஷுக்கு சொல்லித் தர வேண்டியதே இல்ல. மிட்ஃபீல்டுக்கு அந்த வசதி கிடையாது. ஜீக்சன் கேரளா பிளாஸ்டர்ஸ், சுரேஷ் பெங்களூரு, ஆளுக்கொரு கிளப், சேர்ந்து ட்ரெய்னிங் பண்ணுனது சில நாள்தான். அதனால ஃபர்ஸ்ட் ஹாஃப்ல மிட்ஃபீல்ட் திணறுச்சுன்னா அந்தப் பசங்க மோசம்னு அர்த்தம் இல்ல. ஜீக்சன் யாருன்னு நினைக்கறீங்க, 2017ல டெல்லில நடந்த அண்டர்-17 வேர்ல்ட் கப்ல கொலம்பியாவுக்கு எதிரா ஹெட்டர் போட்டு, ஃபிஃபா வேர்ல்ட் கப்ல இந்தியாவோட முதல் கோல அடிச்சவன், அவனுக்கு பந்து ஆட வராதுன்னு ஒரே ஒரு ஹாஃப் பாத்துட்டு சொல்றது அநியாயம்.

அடுத்து, தப்பு பண்ணுனதுக்கு அப்புறம் என்ன பண்றான்னு பாருங்க, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஹாஃப் டைமுக்கு கொஞ்சம் முன்னாடி பந்து சிங்லென்சனா மேல பட்டு நம்ம கோலுக்குள்ளயே போயிடுச்சு, இந்தியாவுக்கு ஆடுற முதல் மேட்ச்ல ஓன் கோல், யோசிச்சுப் பாருங்க. அது அவர் தப்புன்னு கூட நான் சொல்ல மாட்டேன். நிறைய பேர் அதுக்கப்புறம் பந்து வந்தாலே கண்ண மூடிட்டு வெளிய அடிச்சு விட்டுருவாங்க, இவர் செகண்ட் ஹாஃப்ல இன்னொரு டிஃபென்டர் ஜிங்கன் பக்கத்துல நின்னு அமைதியா தன் வேலையப் பாத்தாரு. மார்க் போடுறவங்க பேர் பக்கத்துல ஓன் கோல்னு பாத்துட்டு பத்துக்கு 5 போட்டுட்டுப் போயிடறாங்க, எனக்கு அதப் பாத்தா மனசு ஆறாது.

வாசகர், மதுரை: அப்போ நம்ம ஸ்ட்ரைக்கர் மன்வீர் கோல் அடிச்சாரே, அந்த மேட்ச்ல அவர்தான பெஸ்ட்?

பதில்: 55வது நிமிஷம் அடிச்ச அந்த ஹெட்டர் அருமை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கோலுக்கு முன்னாடி நடந்தத கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுங்க. அஷுதோஷ் மேத்தா, பிபின் சிங், ரெண்டு பேருக்கும் அதுதான் இந்தியாவுக்கு முதல் மேட்ச், அஷுதோஷ் கொடுத்த பாஸ பிபின் அழகா கிராஸ் போட்டாரு. பிபின் அதுக்கு 12 நாள் முன்னாடிதான் நம்ம நாட்டு கிளப் லீக்கான ஐஎஸ்எல் ஃபைனல்ல கடைசி நிமிஷத்துல மோகன் பகானுக்கு எதிரா கோல் அடிச்சு மும்பை சிட்டிக்கு கோப்பை வாங்கிக் கொடுத்தவர், அந்த சூட்டோட வந்தாரு. என்னக் கேட்டா பெஸ்ட் நம்ம கோல்கீப்பர் அம்ரிந்தர், 1-1ன்னு முடிஞ்சதே அவராலதான், ஆட்டம் 0-0ல இருக்கும்போதே ஒரு பெனால்டிய தடுத்தாரு. அவரும் அப்போ முதல் கோல்கீப்பர் குர்ப்ரீத்துக்கு பின்னாடி பெஞ்ச்ல உக்காந்துட்டு இருந்தவர்தான்.

வாசகர், கோவை: சப்ஸ்டிட்யூட்டா வந்தவங்களுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுறாங்களே, சரியா? நம்ம நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி கிளப்புக்கு ஆடுன மஷூர் ஷெரீஃபும் அன்னிக்கு சப்ஸ்டிட்யூட்டா வந்தாரு.

பதில்: உங்க ஊர்ல ஆடுன பையன் இந்தியா ஜெர்சில இறங்குனது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா இஷான் பண்டிதா மாதிரி கடைசி கொஞ்ச நிமிஷம் வந்தவங்களுக்கு மார்க்கே போடக் கூடாது, பந்த நாலு தடவ தொட்டிருப்பாங்களா, அத வெச்சு 6ன்னும் 5ன்னும் எழுதுனா அது அந்தப் பையன் பேர்ல ஒட்டிக்கும். இன்னொன்னு, ஃப்ரெண்ட்லில ரெண்டு பக்கமும் ஆள மாத்திக்கிட்டே இருப்பாங்க, கடைசி இருபது நிமிஷம் ரெண்டு டீமுமே ஆரம்பத்துல இருந்த டீம் இல்ல, அப்போ ஈஸியா இடம் கிடைக்கும், அதுல நல்லா ஆடுனத தனியா கணக்கு வெச்சுக்கணும். மிட்ஃபீல்டர் லாலெங்மாவியா, எல்லாரும் அபுயான்னு கூப்பிடுவாங்களே, அவன் வந்ததும் பந்து நம்ம கால்ல கொஞ்ச நேரம் நிக்க ஆரம்பிச்சுது. எனக்கு அது புடிச்சுது, ஆனா அன்னிக்கே இவன்தான் அடுத்த பெரிய ஆளுன்னு எழுத எனக்கு தைரியம் வரல, இன்னும் நாலஞ்சு மேட்ச் பாக்கணும்னு இருந்தேன். பாத்தோம். 2024 ஜனவரில கத்தார்ல நடந்த ஏசியன் கப் ஸ்குவாட்ல அபுயா, சுரேஷ், ஆகாஷ், இஷான் எல்லாருமே இருந்தாங்க. அதுக்கு முன்னாடியே 2021 அக்டோபர்ல மாலேல நேபாளத்துக்கு எதிரான சாஃப், அதான் தெற்காசிய நாடுகளோட கோப்பை, ஃபைனல்ல சுரேஷ் ஒரு கோல் போட்டான்.

வாசகர், சென்னை: சரி, அந்த 6-0 மேட்ச்ல ஆடுனவங்களுக்கு என்ன மார்க் போடுவீங்க?

பதில்: போட மாட்டேன். ஸ்டிமாக் டீமையே கிட்டத்தட்ட மாத்தி இறக்குனாரு, சேந்து ஆடாத பதினோரு பேர் முன்னாடி யுஏஇயோட அலி மப்கூத் மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர் வந்து நின்னா என்ன ஆகும், அவரே மூணு அடிச்சாரு. டிஃபென்ஸ் மொத்தமா உடையும்போது தனி ஆள் யாரு நல்லா ஆடுனான்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது. தோத்தது எனக்கும் வலிச்சுது, ரெண்டு நாள் அதப் பத்தி யார்கிட்டயும் பேசல. ஆனா லிஸ்டன் கொலாசோவுக்கு இந்தியாவுக்கு முதல் மேட்ச் எதுன்னு பாருங்க, அதே 6-0தான், பெஞ்ச்ல இருந்து வந்தாரு. அடுத்த வருஷம் ஜூன்ல கொல்கத்தா சால்ட் லேக்ல கம்போடியாவோட ஏசியன் கப் குவாலிஃபையர், லெஃப்ட்ல உள்ள புகுந்து பெனால்டி வாங்கிக் கொடுத்தது அவர்தான், சேத்ரி அத கோலாக்குனாரு, 2-0ன்னு ஜெயிச்சோம்.