இரசவாதிகள் விட்டுச்சென்ற வினைச்சொல்

கேள்வி: ‘டிரான்ஸ்மியூட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் மூலமும் என்ன?

பதில்: ஒரு பொருள் தன் இயல்பே மாறி வேறொன்றாவதை, குறிப்பாக மட்டமானது உயர்ந்ததாவதை இச்சொல் குறிக்கும், சட்டை மாற்றுவதற்கெல்லாம் இதைப் பயன்படுத்தினால் சிரிப்பார்கள். ‘அப்பால்’ எனப் பொருள்படும் ‘டிரான்ஸ்’, ‘மாற்று’ எனப் பொருள்படும் ‘மூட்டாரே’ ஆகிய இலத்தீன் சொற்களின் கூட்டு இது. ஈயத்தைப் பொன்னாக்கத் துடித்த ஐரோப்பிய இரசவாதிகளிடம் நெடுங்காலம் புழங்கியதால், பிற்கால அறிவியலாளர்களுக்கு இச்சொல்லைக் கேட்டாலே கூச்சமாக இருந்தது. 1901இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில், தோரியம் தானாகவே வேறொரு தனிமமாக மாறுவதைக் கண்டு, ஃபிரெடரிக் சாடி என்ற வேதியியலாளர் இச்சொல்லைக் கூவியபோது, நம்மை இரசவாதிகள் என்று சொல்லித் தலையை வாங்கிவிடுவார்களே என அவருடன் ஆய்வு செய்த இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு பதறித் தடுத்ததாகச் சொல்வார்கள். இன்று அணு இயற்பியலில் இதுவே முறையான கலைச்சொல்.