டைனோ ஷீட்டும் தகராறும்

ரீமேப் செய்த (எஞ்சின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டிய) என் போலோ 1.0 டிஎஸ்ஐ கார் ஒரு டைனோவில் (வண்டியின் பவரை அளக்கும் உருளை மேடை) 138 குதிரைத்திறன் காட்டியது, இன்னொன்றில் 121. யார் ஏமாற்றுகிறார்கள்?

யாரும் ஏமாற்றாமலேயே இப்படி வரலாம். 138 கிராங்க் கணக்கா (எஞ்சினிலேயே கிடைக்கும் பவர்), வீல் கணக்கா (சக்கரத்தில் கிடைக்கும் பவர்) என்று முதலில் பாருங்கள். ரோலருக்குத் தெரிவது சக்கரம் வரை வந்து சேர்ந்தது மட்டும்தான். கியர்பாக்ஸும் டயரும் தின்றதைக் கூட்டி கிராங்க் பவர் சொல்வார்கள். சில டைனோக்கள் வண்டியைத் தானாக உருளவிட்டு அந்த இழப்பை அளக்கும். பல இடங்களில் அது ஆபரேட்டர் தட்டிவிடும் ஒரு சதவீதம், அவ்வளவுதான். 121-க்கு மேல் 14 சதவீதம் போட்டால் 138 வந்துவிடுகிறதே!

இரண்டுமே வீல் பவர் என்றால் டைனோ வகையைக் கேளுங்கள். கனமான உருளை எவ்வளவு வேகமாகச் சுழன்று ஏறுகிறது என்று கணக்கிடுவது ஒரு வகை. பிரேக் போல எதிர்த்துப் பிடித்து அளப்பது இன்னொன்று. இதில் எண் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். டயரில் காற்று, வண்டியைக் கட்டும் ஸ்ட்ராப்பின் இறுக்கம், எந்த கியர், முன்னால் வைத்த ஃபேன் எல்லாம் சேர்ந்து இன்னும் கொஞ்சம் நகர்த்தும்.

டைனோ முடிவைத் தரும் ஷீட்டில் எஸ்டிடி, எஸ்ஏஇ என்று போடுகிறார்களே?

இரண்டுமே வெயிலுக்கும் காற்றழுத்தத்துக்குமான திருத்தக் கணக்குகள். எஸ்ஏஇ ஜே1349 கணக்கு 25 டிகிரியை வைத்துப் போடுவது, எஸ்டிடி 15.5 டிகிரியை வைத்து. அதே ஓட்டத்துக்கு எஸ்டிடி சுமார் 4 சதவீதம் அதிகம் சொல்லும். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் 150 என்பது 156 ஆகிவிடும்.

டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வண்டிக்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு, அதனால் திருத்தம் 10 சதவீதத்தைத் தாண்டும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நியாயம். பல டர்போ எஞ்சின்களில் காற்று மெலிந்தால் ஈசியூவே (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டர்போவைக் கூடுதலாகச் சுற்றவிட்டு பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. அதற்கு மேல் திருத்தமும் போட்டால் ஒரே கடனை இரண்டு முறை வசூலிப்பது போலத்தான்.

5,500 ஆர்பிஎம்மில் 180 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர் என்று ஷீட் கொடுத்தார்கள். நம்பலாமா?

கால்குலேட்டரை எடுங்கள். டார்க்கை (முறுக்குவிசை, அந்த நியூட்டன் மீட்டர் எண்) ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) வரும். உங்களுக்கு வருவது 157. அநேகமாக பவரை மட்டும் கிராங்குக்கு மாற்றிவிட்டு டார்க்கைச் சக்கரத்திலேயே விட்டுவிட்டார்கள். திரும்பப் போய்க் கேளுங்கள்.

கார் கம்பெனிகளே பொய் சொன்னதுண்டா?

உண்டு. 1999 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்றார்கள். வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிச் சண்டை பிடித்தார்கள். ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் சரிசெய்து கொடுத்தது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 விஷயத்தில் 247-ஐ 238 என்று குறைத்துக்கொண்டு, வேண்டாதவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னது மாஸ்டா. இதற்கு நேரெதிர், 280-க்கு மேல் சொல்வதில்லை என்று ஜப்பான் கம்பெனிகள் முன்பு வைத்திருந்த 280 பிஎஸ் உடன்பாடு: நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் அதைவிட அதிகம் தந்தாலும் காகிதத்தில் 280தான்!

நண்பனுடன் பந்தயம். யார் வண்டியில் பவர் அதிகம் என்று எப்படி முடிவு செய்வது?

ஒரே டைனோ, ஒரே நாள், ஆளுக்கு மூன்று ஓட்டம். ஷீட்டில் திருத்தம் இல்லாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பைபாஸில் போய்த் தீர்த்துக்கொள்ளக் கிளம்பிவிடாதீர்கள்.