சுழற்சிப் பொருளாதாரம் என்பது மறுசுழற்சியின் புதுப்பெயர்தானா? அது எங்காவது உண்மையில் நடக்கிறதா?

புதுப்பெயர் இல்லை. எடுத்த பொருளைக் குப்பையாக்காமல் இயன்றவரை பயன்பாட்டிலேயே வைத்திருப்பதுதான் சுழற்சிப் பொருளாதாரம். அது நடக்கிறது, ஆனால் அரைகுறையாக. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவன் என்பதால், என் கண்ணெதிரே நடப்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் தோற்றம். 1966இல் பொருளியலாளர் கென்னத் போல்டிங் பூமியை ஒரு விண்கலமாகப் பார்க்கச் சொன்னார். வெளியிலிருந்து சரக்கு வராது, குப்பையை எறியவும் வெளியிடம் கிடையாது. 1976இல் வால்டர் ஸ்டாஹல், ஜெனவீவ் ரெடே இருவரும் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். என் பார்வையில் இதன் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளை உருவாக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு, மண்ணிலிருந்து எடுத்ததை இரும்பாகவும் சிமெண்டாகவும் ஆக்குவதிலேயே போய்விடுகிறது. அதன்பின் காராகவோ கட்டடமாகவோ செய்து முடிக்கக் கால் பங்கு போதும். மனித உழைப்பின் கணக்கு இதற்கு நேர்மாறு. ஆகவே, இருக்கும் பொருளைப் பழுதுபார்த்து அதன் ஆயுளை நீட்டினால் ஆற்றல் மிச்சமாகும், வேலைவாய்ப்பும் பெருகும் என்றார்கள். பிற்பாடு இந்தக் கருத்தைப் பரப்ப, பாய்மரப் படகு வீராங்கனை எலன் மெக்ஆர்தரின் அறக்கட்டளை 2010இல் வந்தது. சீனா 2009இல் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் செயல்திட்டம் வகுத்தது.

இதிலிருந்தே வேறுபாடு புரியும். நெடுநாள் உழைக்கும்படி செய்வது, பழுதுபார்ப்பது, பிரித்துப் புதுப்பிப்பது, இவையெல்லாம் முடியாதபோதுதான் உருக்குவதும் கிழிப்பதும். மறுசுழற்சி வரிசையின் கடைசியில் நிற்கிறது.

இனி எங்கள் ஊர். பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு முழுவதும் வெளியேறிவிடும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. இப்படித்தான் எங்கள் நொய்யல் ஆறு கெட்டது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களின் உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊர் ஸ்தம்பித்தது. ஆயினும் அந்த உத்தரவு நியாயமானது என்பதே என் கருத்து.

அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற முறை இறுகியது. கழிவுநீர் உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகளைக் கடக்கிறது. பெரும்பகுதித் தண்ணீர் சாயமேற்றவே திரும்பி வருகிறது. மிஞ்சும் உப்புக்கரைசலைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். இதற்கு ஆகும் எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல, அதை மறைத்துவிட்டு இந்த முறையைப் புகழ்வது சரியாகாது.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இனிமேல்தான் வருகிறது. சாயமேற்ற உதவும் உப்புகளில் ஒன்றான சோடியம் சல்பேட்டை மட்டும் பட்டறை பயன்படுத்தினால் அது மீண்டும் சாயத்தொட்டிக்கே போகும். சாதாரண உப்பும் சேர்ந்துவிட்டால் கிடைப்பது கலப்பு உப்பு. அது எதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகக் கிடங்கில் அடுக்கப்படுகிறது. சுழற்சி அறுபடும் இடம் இந்தக் கலப்புதான்.

துணியிலும் இதே கதை. வெட்டும் மேசையில் விழும் கட்டிங் வேஸ்ட் இங்கே குப்பைக்குப் போவதில்லை. நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓபன் எண்ட்) நூற்பு மில்களில் மீண்டும் நூலாக்குகிறார்கள். இழை குட்டையாகிவிடுவதால் புதுப் பஞ்சோ, பெட் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டரோ சேர்க்க வேண்டியிருக்கிறது. நிறம் ஏற்கெனவே இருப்பதால் மறுபடி சாயமிடும் வேலை மிச்சம்; ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு தண்ணீரும் உப்பும் தப்பிக்கிறது என்பதைச் சாயப்பட்டறை பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனால் முழுப் பருத்தித் துணி சுலபமாகக் கிழிபடும் அதே இயந்திரத்தில், ஐந்து சதவீதம் ஸ்பாண்டெக்ஸ் (ரப்பர்போல் நீளும் செயற்கை இழை) கலந்த துணி இழுபட்டுச் சிக்கிக்கொள்கிறது. அந்த ஐந்து சதவீதத்தை முடிவுசெய்பவர் எங்கோ ஒரு நாட்டில் வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நிறம் பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள், பஞ்சுத் தூசுக்கு நடுவே. சுழற்சிப் பொருளாதாரம் பற்றிய கருத்தரங்குகளில் இவர்களின் நுரையீரலைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தூசு உறிஞ்சும் இயந்திரமும் நல்ல கூலியும் அந்த நூலின் கிலோ விலைக்குள் அடங்காவிட்டால் விலையே தவறு.

2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் சேர்ந்த துணியைப் பிரிக்க முடியாதென்றால் சேகரித்து என்ன பயன்? நீங்கள் மாணவராக இருந்தால், இந்தத் துறையில் ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடினால், இங்கிருந்து தொடங்குங்கள்: ஸ்பாண்டெக்ஸ் இல்லாமல் இழுவை தரும் பின்னல், உப்புக் குறைவாகக் கேட்கும் சாயம். இவ்விரண்டுக்கும் திருப்பூர் காத்திருக்கிறது.