புனலூர்ல பாத்த பழைய போர்ஷ், அடியில ஆயில் சொட்டுது, வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் செங்கோட்டை. புனலூர்ல ஒரு கல்ஃப்காரர் வீட்ல 2003 மாடல் போர்ஷ் பாக்ஸ்டர் நிக்குது, 2.7 இன்ஜின், மேனுவல் கியர். ரெண்டு வாட்டி போயி பாத்தேன், ரெண்டு வாட்டியும் தரையில உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை, பின் சக்கரத்துக்கு கொஞ்சம் முன்னாடி, நட்ட நடுவுல. கேட்டா "அதொந்நும் சாரமில்லா, ஒரு வாஷர் மாத்தியா மதி"ன்னு (அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரு வாஷர் மாத்துனா போதும்னு) சிரிக்காரு. நம்மூரு மெக்கானிக் போட்டோவ பாத்துட்டு இன்ஜினே போச்சுங்காரு. யார நம்ப? அட்வான்ஸ் குடுக்கவா?

பதில்: அட்வான்ஸ் இப்ப வேண்டாம் தம்பி. ரெண்டு பேருமே அடியில பாக்காம சொல்லுதாங்க. இந்த வண்டியில முன்னாடி தெறந்தாலும் டிக்கி, பின்னாடி தெறந்தாலும் டிக்கி, இன்ஜின் சீட்டுக்கு பின்னாடி ஆறு சிலிண்டரும் படுத்த வாக்குல ஒளிஞ்சு கெடக்கு, அதனால லிப்ட் உள்ள ஒரு ஒர்க்ஷாப்புல தூக்கி பாத்தாதான் உண்டு, ஜாக்கி மட்டும் போட்டுட்டு கீழ படுத்துராதீங்க.

முதல்ல அது இன்ஜின் ஆயில்தானான்னு பாருங்க. ராத்திரி அடியில ஒரு அட்டைய விரிச்சு வைக்க சொல்லுங்க. கருப்பா கொழகொழன்னா இன்ஜின் ஆயில், மூக்க அடிக்கிற கந்தக வாடைன்னா கியர் ஆயில், வெறும் தண்ணின்னா ஏசி. கியர்பாக்ஸ் சீல் போனாலும் அதே எடத்துலதான் சொட்டும், அதனால விரல்ல தொட்டு மோந்து பாக்க கூச்சப்படாதீங்க.

சொட்டுற எடம்தான் ஒழுகுற எடம்னு நெனைக்கிறதுதான் இதுல பெரிய தப்பு. வண்டி ஓடும்போது அடியில அடிக்கிற காத்து ஆயில பின்னாடி தள்ளிட்டே போவும், முன்னாடி எங்கயோ கசிஞ்சது கடைசில கியர்பாக்ஸ் முனையில தொங்கும். நானே ஒரு பழைய பெட்ரோல் காருக்கு இன்ஜினோட பின்பக்க சீல்தான்னு ஒருத்தர் சொன்னத நம்பி கியர்பாக்ஸ எறக்க விட்டு, கடைசில பாத்தா மேல வால்வ் கவர் கேஸ்கெட், கூலி தண்டம்.

அதனால வாட்டர் சர்வீஸ் குடுத்து அடிய சுத்தமா கழுவி, நல்லா காய வச்சு, சந்தேகப்படுற எடத்துல எல்லாம் மூஞ்சிக்கு போடுற பவுடர தூவி விடுங்க. அப்புறம் தென்மலை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து உடனே தூக்கி பாருங்க, ஈரம் எங்க ஆரம்பிக்குதோ அதான் மூலம். நீங்க போறதுக்கு முன்னாடியே அவரே பளபளன்னு கழுவி வச்சிருந்தா அன்னிக்கு பாத்து பிரயோஜனம் இல்ல, ஓட்டிட்டு வந்துதான் பாக்கணும்.

ரெண்டு பக்கமும் ஸ்பார்க் பிளக் குழாய் கிட்ட ஈரம் இருந்தா சந்தோஷப்படுங்க, அது ரப்பர் ஓ ரிங், சக்கரத்த கழட்டி கையவிட்டே மாத்திரலாம். சைலன்சர் பைப்புல சொட்டி கருகுன வாடை வரும், அவ்வளவுதான். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற எடத்துல இருந்தே ஈரம் ஆரம்பிச்சா ரெண்டுல ஒண்ணு, ஒண்ணு கிராங்க் ஷாஃப்டோட பின்பக்க சீல், இன்னொண்ணு இன்டர்மீடியட் ஷாஃப்ட் (கிராங்க்ல இருந்து வால்வ் பக்கம் சுத்த கொண்டு போற தண்டு) மூடி. வெளிய இருந்து பாத்து எது என்னன்னு பிரிச்சு சொல்றது கஷ்டம். ஒழுகல் பெருசில்ல, அந்த ஷாஃப்ட் பேரிங்தான் இந்த இன்ஜினுக்கு பேர் போன வியாதி, அது ஒடஞ்சா இன்ஜினே காலி. ஆனா ஒழுகுறதால பேரிங் போச்சுன்னு அர்த்தம் இல்ல, உங்க மெக்கானிக் அங்கதான் அவசரப்பட்டுட்டாரு. ஆயில் பில்டர கழட்டி காகித மடிப்ப விரிச்சு வெயில்ல பாருங்க, மினுமினுன்னு இரும்புத்தூள் இருந்தா பேச்சே வேண்டாம், திரும்பி வந்துருங்க.

தூள் இல்லன்னா பேரம் பேசலாம். சீல மாத்துனாலும் பேரிங்க மாத்துனாலும் கிளட்ச மாத்துனாலும் கியர்பாக்ஸ எறக்கித்தான் ஆகணும், அதனால மூணையும் ஒரே வாட்டில முடிக்கிறதுதான் லாபம். முன்னாடியே பண்ணியாச்சுன்னு சொன்னா பில்ல காட்ட சொல்லுங்க, வாய் வார்த்தை செல்லாது. பில்லு இல்லன்னா அந்த மொத்த எஸ்டிமேட்டையும் வெலையில கழிச்சு கேளுங்க. "வாஷர்தான்"னு அவரு அவ்வளவு உறுதியா இருந்தா அவரே மாத்தி, மறுபடி அட்டை போட்டு காட்டட்டும்.

காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு குபுக் புகை வந்தா பயப்படாதீங்க, படுத்த இன்ஜினுக்கு அது சகஜம். நிக்காம மேகமா வெள்ளையா வந்துட்டே இருந்தா ஆயில் செப்பரேட்டர் (இன்ஜின் ஆவியில இருந்து ஆயில பிரிக்கிறது) போயிருக்கும், அது தனி செலவு.

ஆர்சியயும் பாத்துருங்க. 15 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், 2003 மாடல்னா எந்த வருஷம் வரைக்கும் இருக்குன்னு கேளுங்க, ஏன்னா 20 வருஷம் தாண்டுன இறக்குமதி காருக்கு புதுப்பிக்கிற கட்டணம் 2025 ஆகஸ்ட்ல இருந்து 80,000 ரூபா. கேஎல் நம்பர் வண்டிய இங்க கொண்டு வந்து 12 மாசத்துக்கு மேல வச்சா டிஎன் நம்பருக்கு மாத்தணும், அதுக்கு அவங்க ஆர்டிஓ குடுக்குற என்ஓசி (தடையில்லா சான்று) வேணும், இங்க வரியும் கட்டணும். என்ஓசி கைக்கு வர்ற வரைக்கும் முழுப்பணத்த குடுத்துராதீங்க.